குழாயைத் தட்டிப் பார்த்தல்

சந்தையில் மண்பானை வாங்குகிறவர்கள் கண்ணை மட்டும் நம்புவதில்லை. ஒரு கையில் பானையைத் தொங்கவிட்டு, மறு கையின் விரல் முட்டியால் இரண்டு தட்டு. 'ணங்' என்று கேட்டால் காசு கைமாறும். 'டொக்' என்று செத்த சத்தம் வந்தால் பானை மறுபடி வைக்கோல் மேல் போய் உட்கார்ந்துவிடும். விரிசல் எங்கே என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது. ஆனால் விரிசல் உண்டு என்பது இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும்.

தெருவுக்கு அடியில் புதைந்து கிடக்கும் குடிநீர்க் குழாயையும் இப்படித் தட்டிப் பார்க்கலாம். விரல் முட்டிக்குப் பதிலாக ஓர் அழுத்த அலை. பானையைவிடக் குழாய் ஒரு படி மேல்: ஓட்டை உண்டு என்பதோடு, எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்பதையும் அது சொல்லிவிடும். இது நேற்று வந்த யோசனை அல்ல. 120 வருஷத்துக்கும் மேலாகப் பொறியாளர்கள் அறிந்த சங்கதி. அப்படியிருந்தும் பெரும்பாலான ஊர்களில் கசிவைத் தேடுவது இன்னும் கடப்பாரையும் மண்வெட்டியும்தான்.

எங்கள் தெருவில் ஒருமுறை தார்ச்சாலை நடுவே ஈரம் கண்டது. இரண்டு நாளில் ஈரம் ஊற்றாகிவிட்டது. ஆட்கள் வந்தார்கள், ஊற்று கிளம்பிய இடத்திலேயே தோண்டினார்கள். குழாய் நல்லபடியாக இருந்தது. ஐந்தடி தள்ளி இன்னொரு பள்ளம், அங்கும் ஒன்றுமில்லை. மூன்றாவது பள்ளம் மேட்டுப் பக்கமாக ஏறக்குறைய இருபதடி தள்ளி. அங்கேதான் ஜாயின்ட் விட்டிருந்தது. காரணம் எளிது. குழாய் பதிக்கும்போது அடியில் மணல் போட்டுப் பதிப்பார்கள். தப்பித்த தண்ணீர் அந்த மணல் வழியாகவே குழாயை ஒட்டிச் சரிவில் ஓடி, தார் எங்கே பலவீனமாக இருக்கிறதோ அங்கே தலைகாட்டும். இது வெளியே வருகிற கசிவு. மழைநீர் வடிகாலுக்குள்ளோ ஆழத்து மணலுக்குள்ளோ சத்தமில்லாமல் இறங்கிவிடும் கசிவை எந்த ஈரமும் காட்டிக்கொடுக்காது.

ஒரு சின்னக் கணக்கு. குழாயில் 5 மில்லிமீட்டர் விட்டத்தில் ஓர் ஓட்டை, பென்சில்கூட நுழையாது. உள்ளே 30 மீட்டர் நீருயர அழுத்தம், அதாவது 30 மீட்டர் உயரத்தில் தொட்டி வைத்தது போல. அந்த ஓட்டை வழியாக ஒரு நாளைக்கு ஏறக்குறைய 25,000 லிட்டர் வெளியேறும். 12,000 லிட்டர் டேங்கர் லாரி இரண்டு, தினமும், மண்ணுக்குள். உலகம் முழுவதும் குடிநீர் நிறுவனங்கள் காசாக்க முடியாமல் இழக்கும் நீர் ஆண்டுக்கு 12,600 கோடி கன மீட்டர் என்று 2019-ல் ஆய்வாளர்கள் லீம்பெர்கர், வயாட் இருவரும் மதிப்பிட்டார்கள். அதில் மீட்டர் தவறும் திருட்டு இணைப்பும் அடக்கம். மீதியில் பெரும்பங்கு, இந்த மாதிரி ஓட்டைகள்.

கசிவு தேடும் பழைய வித்தை காதுதான். வொர்க்‌ஷாப்பில் மெக்கானிக் ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, எந்த பேரிங் கத்துகிறது என்று கேட்பாரே, அதே வித்தை. இரும்புக் கம்பியை வால்விலோ குழாயிலோ ஊன்றி, ஊர் அடங்கிய பிறகு நள்ளிரவில் கேட்க வேண்டும். ஓட்டை வழியாகச் சீறும் நீர் இரைச்சல் போடும். இரும்புக் குழாய் அதைக் கடத்திக்கொண்டு வரும். பிளாஸ்டிக் குழாய் வந்த பிறகு இந்த வித்தை பாதி செத்துவிட்டது. பி.வி.சி.யும் எச்.டி.பி.இ.யும் அந்த இரைச்சலைக் கொஞ்ச தூரத்துக்குள்ளேயே விழுங்கிவிடுகின்றன. ஓட்டை கத்துவதற்குக் காத்திராமல் நாமே போய்க் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கேள்வி எப்படிப்பட்டது என்பது வீட்டிலேயே தெரியும். வாஷிங் மெஷினில் நீர் நிரம்பியதும் உள்ளிருக்கும் வால்வு சட்டென்று மூடும்போது சுவருக்குள் 'டொம்' என்று ஓர் அடி விழும். தோட்டத்து மோட்டாரை நிறுத்தினால் குழாய் ஓர் உதறு உதறும். வாட்டர் ஹாமர் என்பார்கள், தண்ணீர்ச் சம்மட்டி. பெயர் பொருத்தம். தண்ணீர் கிட்டத்தட்ட அமுங்காத பொருள், அதனால்தான் அடி.

கோயிலில் தர்ம தரிசன வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசை நகர்ந்துகொண்டே இருக்கிறது. திடீரென்று முன்னால் கதவைச் சாத்துகிறார்கள். முதல் ஆள் நிற்கிறார், இரண்டாம் ஆள் அவர் முதுகில் இடிக்கிறார், மூன்றாமவர் இரண்டாமவர் மேல். யாருமே பின்னால் நடக்கவில்லை. ஆனால் 'நெருக்கம்' மட்டும் வரிசையின் வால் வரை பின்னோக்கி ஓடுகிறது. ஓடும் நீரை வால்வு வெட்டி நிறுத்தும்போதும் இதேதான். நெருக்கம் ஓர் அலையாக, நீர் வந்த திசைக்கு எதிராகப் பாய்கிறது.

இந்த நெருக்கம் எவ்வளவு என்பதை அளந்து காட்டியவர் ரஷ்யாவின் நிகோலாய் ஜூக்கோவ்ஸ்கி. விமானவியலின் முன்னோடி என்று பின்னால் புகழ்பெற்றவர். 1890-களின் கடைசியில் மாஸ்கோ நகரின் குடிநீர்க் குழாய்கள் உடைந்துகொண்டே இருந்தன. ஏன் என்று கண்டுபிடிக்க அவரை அழைத்தார்கள். அலெக்ஸேயெவ்ஸ்கயா நீரேற்று நிலையத்தில் வெவ்வேறு விட்டமுள்ள குழாய்களைப் போட்டு, வால்வைச் சட்டென மூடி, அழுத்தம் ஏறி இறங்குவதைக் காகிதத்தில் வரையவிட்டுப் பார்த்தார். அவர் கண்ட விதி ஒரே வரியில் அடங்கும்: அழுத்தம் எவ்வளவு ஏறும் என்றால், நீரின் அடர்த்தியையும் அலையின் வேகத்தையும் நின்றுபோன நீரோட்டத்தின் வேகத்தையும் பெருக்கினால் வருவதுதான். நொடிக்கு 1 மீட்டர் என்று சாவகாசமாக ஓடும் நீரை ஓர் இரும்புக் குழாயில் ஒரே வெட்டாக நிறுத்தினால் ஏறக்குறைய 12 பார் அழுத்தம் கூடுதலாக ஏறும். 120 மீட்டர் நீருயரம். நாற்பது மாடி உச்சியில் தொட்டி வைத்ததற்குச் சமம். மாஸ்கோவின் குழாய்கள் ஏன் உடைந்தன என்பதில் மர்மம் எதுவும் மிச்சமில்லை.

(இதே விதியை 1883-லேயே ஜெர்மானிய உடலியல் அறிஞர் யோஹன்னஸ் ஃபான் கிரீஸ் எழுதிவிட்டார் என்பது தனிக்கதை. அவர் ஆராய்ந்தது ரத்தக்குழாயை. மணிக்கட்டில் வைத்தியர் பிடித்துப் பார்க்கும் நாடியும் குழாயில் ஓடும் அழுத்த அலைதான். தமனிச் சுவர் ரப்பர் போல விரிந்து கொடுப்பதால் மெதுவாக ஓடுகிறது, அவ்வளவே.)

ஜூக்கோவ்ஸ்கி அதோடு நிற்கவில்லை. வரைபடத்தில் பெரிய ஏற்ற இறக்கங்களுக்கு நடுவே சின்னச் சின்னப் படிகள் இருப்பதைக் கவனித்தார். குழாயில் எங்கோ உடைப்பு இருந்தால் அந்த இடத்திலிருந்து அலையின் ஒரு பகுதி திரும்பி வருகிறது. அது திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து, நீரேற்று நிலையத்தை விட்டு வெளியே வராமலே உடைப்பு எங்கே என்று சொல்லலாம் என்றார். கசிவைத் தேடும் இன்றைய அழுத்த அலை ஆராய்ச்சி முழுக்க இந்த ஒரு யோசனையின் விரிவுரைதான் என்பது என் எண்ணம்.

கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். 300 மில்லிமீட்டர் வார்ப்பிரும்புக் குழாய், 3 கிலோமீட்டர் நீளம். ஒரு முனையில் பெரிய நீர்த்தேக்கத் தொட்டி, மறு முனையில் வால்வு. வால்வை ஒட்டி ஓர் அழுத்தமானி. இந்த மாதிரிக் குழாயில் அலை நொடிக்குச் சுமார் 1,200 மீட்டர் ஓடும். வால்விலிருந்து 900 மீட்டரில் ஓட்டை. வால்வைச் சட்டென்று மூடுகிறோம். அழுத்தக்கோடு செங்குத்தாக ஏறுகிறது. பிறகு ஏறக்குறைய தட்டையாக ஓடுகிறது. 0.75 நொடியில் அலை ஓட்டையைத் தொடுகிறது. அங்கே அழுத்தம் கூடியதால் ஓட்டை வழியாகப் பீய்ச்சுவதும் கூடுகிறது. தரிசன வரிசையில் பக்கவாட்டுத் தடுப்பில் ஒரு சந்து இருந்து, நெருக்கம் தாங்காமல் இரண்டு பேர் அதன் வழியாக நழுவியது போல. நெருக்கம் கொஞ்சம் தளர்கிறது. அந்தத் தளர்ச்சியும் ஓர் அலை. இரண்டு பக்கமும் ஓடுகிறது. வால்வை மூடிய 1.5-வது நொடியில் அது அழுத்தமானியை வந்தடைகிறது. கோட்டில் ஒரு சிறு படி கீழே இறங்குகிறது. தொட்டியில் மோதித் திரும்பும் பெரிய அலை வந்து கோடு தடாலென விழுவது 5-வது நொடியில்தான். அந்த 1.5 நொடிப் படியைப் பிடித்துவிட்டால் வேலை முடிந்தது: 1,200-ஐ 1.5-ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் 900.

பள்ளிக்கூடக் கணக்கு. கிணற்றில் கத்தி எதிரொலியை எண்ணுவது போலத்தான். சிக்கல், அந்தப் படி எவ்வளவு பெரிது என்பதில். மேலே சொன்ன 5 மில்லிமீட்டர் ஓட்டையை இந்தக் குழாயில் வைத்து நான் போட்டுப் பார்த்த கணக்கு இது: 10 மீட்டர் நீருயரம் கொண்ட அலையை அனுப்பினால் எதிரொலியாகத் திரும்புவது 4 சென்டிமீட்டர். அனுப்பியதில் 250-ல் ஒரு பங்கு. 10 பார் வரை அளக்கும் நல்ல அழுத்தமானியின் துல்லியம் 0.1 சதவீதம் என்று விற்கிறவர் சொன்னால் அதன் பொருள் 10 சென்டிமீட்டர். சட்டென்று ஏற்படும் மாற்றத்தை அதைவிட நுணுக்கமாகவே அது உணரும் என்றாலும், பம்ப் அதிர்வு, யாரோ வீட்டில் குழாய் திறந்தது, லாரி போனது என்று கோடு எப்போதும் நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்த நடுக்கத்துக்குள் 4 சென்டிமீட்டர் படியைத் தேட வேண்டும். ஓட்டை 25 மில்லிமீட்டராக இருந்தால் படி 90 சென்டிமீட்டர் வரும், கண்ணாலேயே தெரியும். ஆனால் அந்த அளவு ஓட்டைக்கு ரோடே குளமாகியிருக்கும், அலை எதற்கு?

இன்னொன்று. அதே 5 மில்லிமீட்டர் ஓட்டை 1 மீட்டர் விட்டமுள்ள பெரிய குழாயில் இருந்தால் எதிரொலி 3 மில்லிமீட்டர் அளவுக்கு இளைத்துவிடும். ஓட்டை எவ்வளவு பெரிது என்பது மட்டும் முக்கியமில்லை, எவ்வளவு பெரிய குழாயில் என்பதும் முக்கியம்.

அப்படியானால் அலையைப் பெரிதாக்கினால் என்ன? அங்கேதான் மாஸ்கோ நினைவுக்கு வர வேண்டும். குழாயை உடைத்ததே இந்த அலைதான். ஐம்பது வருஷத்துத் துருப்பிடித்த குழாயில் சம்மட்டியை ஓங்கினால், இல்லாத கசிவையும் உண்டாக்கிக் கண்டுபிடித்த பெருமை வந்து சேரும். அதனால் இன்றைய கைப்பழக்கம் அலையைச் சிறிதாக, ஆனால் கூர்மையாக அனுப்புவது. கூர்மை ஏன் என்றால், வால்வை மூட 0.1 நொடி எடுத்தால் அலையின் முகப்பே 120 மீட்டர் நீளத்துக்கு நீண்டுவிடும். எதிரொலியும் அதே அளவுக்கு மழுங்கும். நூறில் ஒரு நொடியில் மூடினால் முகப்பு 12 மீட்டர். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தார் பெரிய வால்வைத் தொடுவதே இல்லை. தீயணைப்பு நீர்முனையிலோ ஏர் வால்விலோ ஒரு சிறு பக்கக்குழாயை மாட்டிக் கொஞ்சம் நீரை வெளியே ஓடவிட்டு, அதைச் சட்டென்று மூடுவார்கள். இத்தாலியின் பெருஜியா பல்கலைக்கழகத்தில் ப்ருனோனே குழுவினர் கையில் எடுத்துச் செல்லக்கூடிய ஓர் அழுத்தக்கலனே செய்துவைத்திருக்கிறார்கள். குழாயில் இருப்பதைவிடக் கூடுதல் அழுத்தத்தில் நீரும் காற்றும் அடைத்த கலன். அதைக் குழாயோடு இணைத்து வால்வைத் திறந்தால் ஒரு சிறு 'குத்து' உள்ளே போகும். வைத்தியர் நெஞ்சில் விரலை வைத்து மறு விரலால் தட்டுவது போல.

எதிரொலியைக் கண்ணால் தேடாமல் வேறு வழியாகவும் பிடிக்கலாம். அதில் எனக்கு மிகவும் பிடித்தது அலை அடங்கும் விதத்தைக் கேட்பது. வீணைத் தந்தியை மீட்டிவிட்டு அதன் நடுவில் விரல் நுனியை லேசாக வைத்தால் அடிப்படைச் சுருதி செத்துவிடும், ஆனால் அதன் இரட்டை மடங்குச் சுருதி தொடர்ந்து ஒலிக்கும். அந்தச் சுருதிக்கு நடுப்புள்ளி அசையாத இடம். விரல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான். இரு முனையும் தொட்டியில் முடியும் குழாய்க்குள் முன்னும் பின்னும் ஆடும் அழுத்த அலையிலும் இப்படிப் பல மடங்குச் சுருதிகள் உண்டு. கசிவு, தந்தி மேல் வைத்த விரல். எந்தச் சுருதி சீக்கிரம் அடங்குகிறது, எது நின்று ஒலிக்கிறது என்று ஒப்பிட்டால் விரல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். 2002-ல் அடிலெய்டின் லாம்பர்ட், சிம்ப்சன் குழுவினர் இதை முறைப்படுத்தி எழுதினார்கள். ஒரே தொல்லை: இந்தத் தனிக்குழாயில் இடது முனையிலிருந்து 300 மீட்டரில் இருக்கும் கசிவும் வலது முனையிலிருந்து 300 மீட்டரில் இருக்கும் கசிவும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். இரண்டு இடத்திலும் தோண்ட வேண்டும், அல்லது வேறொரு சாட்சி தேட வேண்டும்.

1994-ல் ஆய்வாளர்கள் லிக்கெட், சென் இருவரும் காட்டியது கணினி வழி. குழாய்க் கட்டமைப்பைக் கணினியில் கட்டி, 'இங்கே கசிவு, இவ்வளவு பெரிது' என்று ஓர் ஊகத்தைக் கொடுத்து, அலை எப்படி ஓடும் என்று போட்டுப் பார்ப்பது. உண்மையில் அளந்த கோட்டோடு அது ஒத்துப்போகும் வரை ஊகத்தை மாற்றிக்கொண்டே போவது. கேட்க அழகாக இருக்கும். ஆனால் கணினிக் குழாயும் மண்ணுக்குள் கிடக்கும் குழாயும் கசிவைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒன்றாக இருந்தால்தான் இது பலிக்கும். வேறு ஏதாவது வித்தியாசம் இருந்தால், கணினி அந்த வித்தியாசத்தையும் கசிவின் தலையில் கட்டிவிடும்.

எண்ணெய்க் குழாய்க்காரர்கள் வேறு பாதையில் போனார்கள். அவர்கள் அலையை அனுப்புவதில்லை, வரும் அலைக்குக் காத்திருக்கிறார்கள். குழாய் திடீரென உடையும்போது அந்த இடத்தில் அழுத்தம் சட்டென்று சரிகிறது. அந்தச் சரிவே ஓர் எதிர்மறை அலையாக இரு பக்கமும் ஓடும். 10 கிலோமீட்டர் குழாயில் அலை நொடிக்கு 1,000 மீட்டர் ஓடுகிறது, ஒரு முனைக்கு மற்றதைவிட 4 நொடி முந்தி வந்து சேர்கிறது என்றால், உடைப்பு அந்த முனையிலிருந்து 3 கிலோமீட்டரில். இரு முனைக் கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும், ஜி.பி.எஸ். வந்த பிறகு அது பெரிய விஷயமில்லை. கடிகாரம் நூறில் ஒரு நொடி பிசகினால் 5 மீட்டர் பிசகும், அவ்வளவுதான். குடிநீரில் இதை ஊர் அளவில் செய்துபார்த்தது சிங்கப்பூர். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அந்நாட்டுக் குடிநீர் வாரியமான பி.யு.பி.யும் சேர்ந்து 'வாட்டர்வைஸ்' என்ற பெயரில் குழாய்களில் உணரிகளைப் பொருத்தின. அதிலிருந்து கிளைத்த விசென்டி நிறுவனத்தை 2016-ல் சைலம் என்ற நீர்த் தொழில்நுட்ப நிறுவனம் வாங்கிக்கொண்டது. குறை என்னவென்றால், உடைகிற அந்த ஒரு கணத்தில் மட்டும்தான் குழாய் கூவும். துருவேறித் துருவேறி ஆறு மாதமாக மெல்லப் பெரிதாகும் ஓட்டை எந்த அலையையும் எழுப்பாது. நம் ஊர்க் கசிவில் பெரும்பங்கு அந்த ரகம்.

சரி, இவ்வளவு வழிகள் இருந்தும் ஏன் கடப்பாரை? இதுவரை சொன்னதெல்லாம் தனிக்குழாய். ஊருக்குள் நுழைந்தால் கதை மாறுகிறது. ஒரே அளவுள்ள மூன்று குழாய்கள் கூடும் 'டி' சந்திப்பில் அலை வந்து மோதினால் மூன்றில் ஒரு பங்கு தலைகீழாகத் திரும்பிவிடும், மூன்றில் இரண்டு பங்கு உயரத்தோடுதான் முன்னே போகும். ஐந்து சந்திப்பு தாண்டியபின் மிஞ்சுவது எட்டில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். அதற்கப்பால் உள்ள கசிவின் எதிரொலி அதே ஐந்து சந்திப்பையும் திரும்பத் தாண்டி வர வேண்டும்; போக வர ஏறக்குறைய 60-ல் ஒரு பங்காகிவிடும். அடைத்த முனை ஒன்று இருந்தால் அங்கே மோதி முழுதாகத் திரும்பும். ஒவ்வொரு வீட்டு இணைப்பும் ஒரு குட்டிச் சந்திப்பு. ஆக, கூட்ட நெரிசலில் ஆயிரம் பேர் கத்தும்போது கிசுகிசுத்த ஒருவரின் குரலைப் பிரித்தெடுக்கும் வேலை இது. கேட்க முடியாது என்பதில்லை. அந்த ஆயிரம் பேரும் யார், எங்கே நிற்கிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் அவர்களின் சத்தத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கேட்கலாம்.

அந்த 'தெரிந்திருந்தால்' இருக்கிறதே, முழுச் சங்கடமும் அதில்தான். எதிரொலி வந்த நேரத்தைத் தூரமாக்க அலையின் வேகம் தெரிய வேண்டும். அது குழாயைப் பொறுத்தது. சுவர் கெட்டியாக இருந்தால் அலை வேகமாக ஓடும். சுவர் விரிந்து கொடுத்தால் மெதுவாகும். வார்ப்பிரும்பில் நொடிக்கு 1,200 மீட்டர் ஓடுகிற அலை பி.வி.சி.யில் 400-க்குக் கீழே இறங்கும், எச்.டி.பி.இ.யில் 250 சொச்சம். இரும்புக் குழாய் என்று பதிவேடு சொல்கிறது. ஆனால் 15 வருஷத்துக்கு முன் ஒரு உடைப்பின்போது நடுவில் 60 மீட்டருக்கு பி.வி.சி. போட்டு ஒட்டியிருக்கிறார்கள், அது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அந்த 60 மீட்டர் துண்டின் இரு முனையும் தனித்தனி எதிரொலி தரும். அதைக் கசிவு என்று நினைத்துத் தோண்டினால் நல்ல குழாயைத்தான் பார்க்கலாம். எந்த வால்வு முழுதாகத் திறந்திருக்கிறது, எது பாதியில் சிக்கிக் கிடக்கிறது, எது தார் போடும்போது ரோட்டுக்குள் புதைந்துபோனது என்பதெல்லாம் பல ஊர்களில் அந்தப் பகுதியில் தண்ணீர் திறந்துவிடுகிறவரின் தலைக்குள் மட்டுமே இருக்கிறது. அவர் ஓய்வு பெறும் நாளில் வரைபடமும் ஓய்வு பெற்றுவிடும். அலைக் கருவி வாங்கப் பணம் ஒதுக்குவதற்கு முன் அவரை ஒரு வாரம் உட்காரவைத்து வரையச் சொல்வது உத்தமம்.

அடுத்தது காற்று. தண்ணீரில் நூற்றில் ஒரு பங்கு காற்றுக் குமிழி கலந்திருந்தால், சாதாரணக் காற்றழுத்தத்தில் அலையின் வேகம் நொடிக்கு நூற்றுச் சொச்சம் மீட்டராகப் படுத்துவிடும். அழுத்தம் கூடினால் குமிழி சுருங்கி, வேகம் கொஞ்சம் மீளும். 24 மணி நேரமும் நீர் நிறைந்து அழுத்தத்தில் நிற்கும் குழாய்க்கு இந்தக் கவலை குறைவு. நம் ஊர்களில் பெரும்பாலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலையில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்றுதான் தண்ணீர். ஒவ்வொரு முறையும் காலிக் குழாயில் காற்றைத் தள்ளிக்கொண்டுதான் நீர் வருகிறது. முதல் பத்து நிமிஷம் குழாயைத் திறந்தால் 'புஸ்ஸ்' என்று இருமி இருமித் தண்ணீர் வருவதைப் பார்க்காதவர் யார்? அந்தக் குழாயில் அலை என்ன வேகத்தில் ஓடுகிறது என்று காலை ஆறு மணிக்கு ஒரு பதில், ஏழு மணிக்கு வேறொரு பதில் கிடைக்கும். மாஸ்கோவிலும் அடிலெய்டிலும் பெருஜியாவிலும் வளர்ந்த இந்த வித்தை, குழாய் எப்போதும் நிறைந்திருக்கும் என்ற நம்பிக்கையில் வளர்ந்தது. அதை நம் தெருவுக்கு அப்படியே இறக்குமதி செய்ய முடியாது.

ஹாங்காங்கைப் பார்த்தால் எது முந்தி, எது பிந்தி என்பது புரியும். 2000-ம் ஆண்டு வாக்கில் அங்கே குடிநீரில் கால் பங்குக்கு மேல் கசிந்துகொண்டிருந்தது. கழிவறைக்குக் கடல்நீரைத் தனிக் குழாயில் அனுப்பும் ஊர் என்பதால் பார்த்துக்கொள்ள வேண்டிய குழாயும் அதிகம். அடுத்த 15 ஆண்டுகளில் சுமார் 3,000 கிலோமீட்டர் குழாயை மாற்றியும் புதுப்பித்தும் கசிவை 15 சதவீத அளவுக்குக் கொண்டுவந்தார்கள். எல்லாம் தோண்டிப் புதைத்த வேலை. அங்குள்ள அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முகமது கிதாவி தலைமையிலான குழு, கடலடியில் நீர்மூழ்கியைத் தேடும் ஒலிக் கணிதத்தைக் குழாய்க்குள் கொண்டுவந்து, இரைச்சலுக்குள் கசிவின் எதிரொலியைப் பிரித்தெடுக்கும் முறையை உருவாக்கியது இந்தப் பின்னணியில்தான். குழாய் புதிது, எங்கே எது என்று தெரியும், எப்போதும் நிறைந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் இது பலிக்கக்கூடிய இடம் ஊருக்குள் இல்லை, ஊருக்கு வெளியே. வீராணம் ஏரியிலிருந்து சென்னைக்கு 2004-ல் வந்த குழாய் ஏறக்குறைய 230 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 18 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம். ஒகேனக்கல்லிலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குப் போகும் குழாய்கள், காவிரியிலிருந்து ராமநாதபுரம் வரை இழுத்துச் செல்லும் குழாய்கள் என்று கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் இங்கே ஏராளம். இவை நீளமானவை, கிளைகள் குறைவு, வீட்டு இணைப்புகள் இல்லை. நீரேற்று நிலையத்துக்கு நீரேற்று நிலையம் என்று பிரித்துக்கொண்டு ஒவ்வொரு துண்டாகத் தட்டிப் பார்க்கலாம். மின்சாரம் போய் மோட்டார் நிற்கும் ஒவ்வொரு தடவையும் இலவசமாகவே ஓர் அலை கிளம்புகிறது. நீரேற்று நிலையத்தில் வேகமாக அளக்கும் அழுத்தமானி ஒன்று இருந்தால் அந்த அலையையே எழுதிவைத்துக்கொள்ளலாம். இன்று எழுதியதையும் ஆறு மாதம் கழித்து எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், புதிதாக முளைத்த படி எது என்பது தெரியும். பழைய எதிரொலிகளுக்கெல்லாம் விளக்கம் தேட வேண்டியதில்லை. புதிதாக வந்தவனை மட்டும் விசாரித்தால் போதும். இந்த முறையில் எனக்கு நம்பிக்கை தருவது இந்த ஒப்பீடுதான், நுணுக்கமான கணிதம் அல்ல.

அப்போதும் ஏமாற்றங்கள் உண்டு. சாலையோரத்தில் பெரிய குழாய்களின் மேல் ஏர் வால்வு நிற்கும். உள்ளே சேரும் காற்றை வெளியேற்ற வைத்தது. அதன் அடியில் ஒரு பிளாஸ்டிக் குடம், பக்கத்தில் இன்னும் நான்கு குடம் வரிசையில், கல்லால் அண்டைகொடுத்த ஒரு துண்டு ஹோஸ் என்று பார்த்திருப்பீர்கள். ஊருக்குத் தண்ணீர் வராத ஊர்க்காரர்கள், ஊர் வழியாகப் போகும் தண்ணீரில் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறார்கள். அலைக்கு அதுவும் கசிவுதான். எத்தனையாவது மீட்டரில் என்று சரியாகச் சொல்லிவிடும். அங்கே ஆளனுப்பிப் பார்த்தால் ஓட்டை இருக்காது, குடங்கள் இருக்கும்.

எல்லாம் சரியாக அமைந்து, குழாய் நிறைந்து, வேகம் தெரிந்து, படி தெளிவாக விழுந்தாலும் அலை காட்டும் இடம் சில மீட்டர் முன்னே பின்னேதான் இருக்கும். 3 கிலோமீட்டரை 10 மீட்டராகச் சுருக்கித் தருவதே அதன் உதவி. அந்தப் பத்து மீட்டருக்குள் எந்த ஜாயின்ட் என்று பார்க்க ஆள் ஒருவர் இரவு இரண்டு மணிக்குப் போக வேண்டும். கையில் அதே இரும்புக் கம்பி. ஒரு நுனி குழாயில், மறு நுனி காதில்.